மலையேறினால் கியர்பாக்ஸ் சூடாகிறது, மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆட்டோமேட்டிக் கார், டார்க் கன்வெர்ட்டர் வகை. 78,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஊருக்குள் ஒரு தொந்தரவும் இல்லை. போன மாதம் ஐந்து பேரும் மூட்டை முடிச்சுமாக ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறினோம். பாதி மலையில் ‘கியர்பாக்ஸ் சூடு’ என்று எச்சரிக்கை வந்தது. அரை மணி நேரம் நிறுத்தியதும் சரியாகிவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் ஓட்டிக்கூடப் பார்க்காமல், கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும், 1.9 லட்சம் ஆகும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: பணத்தைக் கட்டிவிடாதீர்கள். உள்ளே தேய்ந்துபோன கியர்பாக்ஸ் பெரும்பாலும் சமதரையிலேயே காட்டிக்கொடுத்துவிடும். கியர் மாறும்போது உதைக்கும், ‘டி’யில் போட்டால் தாமதித்து நகரும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் இரையும், வண்டி இழுக்காது. இதில் எதையும் நீங்கள் எழுதவில்லையே.

உங்கள் வண்டியில் இன்ஜினின் விசை டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் ஆயில் வழியாகத்தான் கியருக்குப் போகிறது. 40 கொண்டை ஊசி வளைவுகளை முழு லோடோடு மெதுவாக ஏறினால் டார்க் கன்வெர்ட்டர் வழுக்கிக்கொண்டே இருக்கும். அந்தச் சூடெல்லாம் ஆயிலில்தான் இறங்கும். வழக்கமாக 80, 90 டிகிரியில் இருக்கும் ஆயில் 120ஐத் தாண்டினால் சீக்கிரம் கெட்டுவிடும். அதனால் முதலில் ஆயிலைப் பார்க்க வேண்டும், அப்புறம் அதை ஆற்றும் கூலரை.

ஒரு சொட்டு ஆயிலை வெள்ளை டிஷ்யூ பேப்பரில் விடச் சொல்லுங்கள், நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் புதிதில் சிவப்பாக இருக்கும். கரும்பழுப்பாகி, கருகிய வாடை அடித்தால் அது வெந்துபோன ஆயில். சொட்டின் நடுவில் கறுப்புத் துகள் தங்கினால் உள்ளே கிளட்ச் பிளேட்டுகள் தேய்கின்றன. பெரிய செலவைப் பற்றி அப்போது பேசலாம். ரோஸ் மில்க் மாதிரி இருந்தால் கூலன்ட் கலந்திருக்கிறது. வண்டியை ஓட்டவும் வேண்டாம், கட்டி இழுக்கவும் வேண்டாம், லாரியில் ஏற்றிக் கொண்டுபோங்கள். ஆயில் அளவையும் பார்க்க வேண்டும். பல கார்களில் டிப்ஸ்டிக் கிடையாது. ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது, இன்ஜின் ஓட ஓட, கீழிருக்கும் பிளக் வழியாகத்தான் பார்ப்பார்கள். ‘ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்’ என்று சொன்னால் நம்பாதீர்கள். 78,000 கி.மீ. வரை மாற்றியதற்கு பில் இல்லையென்றால், கார் கையேட்டில் போட்டிருக்கும் அதே கிரேடில் மாற்றிவிடுங்கள்.

அடுத்து கூலர். என் காருக்கும் இதே எச்சரிக்கை வந்தது. பம்பரைக் கழற்றினால், ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே மண்ணும் பூச்சியும் பஞ்சும் கம்பளி மாதிரி படிந்திருந்தன. தண்ணீர் அடித்துச் சுத்தம் செய்ததோடு பிரச்சினை தீர்ந்தது. ரேடியேட்டர் ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறதா என்றும் பாருங்கள்.

பிறகு ஸ்கேனரை மாட்டி ஒரு ஏற்றத்தில் ஓட்டி, ஆயில் சூடு எப்படி ஏறுகிறது, கன்வெர்ட்டர் ‘லாக்’ ஆகிறதா (அதாவது வழுக்காமல் இன்ஜினோடு நேராகப் பிணைந்து சுற்றுகிறதா) என்று பார்க்கச் சொல்லுங்கள். லாக் ஆகவில்லையென்றால் ஹைவேயிலும் சூடாகும்.

இவ்வளவுக்கும் பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்றால், ஸ்கேனர் காட்டிய பழுதுக் குறியீடுகளோடு எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேளுங்கள். தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம்.

அடுத்த முறை மலையேறும்போது மேனுவல் மோடில் கீழ் கியரில் ஏறுங்கள். மேட்டில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்திப் பிடிக்காதீர்கள். எச்சரிக்கை வந்தால் ஓரங்கட்டி ‘பி’யில் போடுங்கள். கையேட்டில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் தவிர, இன்ஜினை அணைக்க வேண்டாம். அது ஓடினால்தான் பம்ப் ஆயிலைக் கூலருக்கு அனுப்பும்.