நாளையை நினைத்து உறக்கம் வராதவர்களுக்கு: கேள்வி பதில்

நான் பாளையங்கோட்டைக்காரி. 31 வருடம் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். எங்கள் சேகரத்தில் (பல சபைகள் சேர்ந்த பிரிவு) பெண்கள் ஜெபக்குழுவையும் பல வருடமாக நடத்தி வருகிறேன். எதிர்காலத்தை நினைத்து வரும் பயத்தைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அக்கா, சென்னையில் ஐடி வேலை. எங்கள் டீமில் நான்கு பேரை அனுப்பிவிட்டார்கள். ராத்திரி 2 மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமே இல்லை. ஜெபம் பண்ண உட்கார்ந்தால் பயம் இன்னும் கூடுகிறது.

தம்பி, ஜெபத்தில் என்ன சொல்கிறீர்கள்? "ஆண்டவரே, வேலை போய்விடக் கூடாது" என்பதையே நூறு தடவை சொல்லிக்கொண்டிருந்தால், அந்தப் பயத்தைத்தான் நூறு தடவை நினைத்துப் பார்க்கிறோம். எனக்கும் அப்படி நடந்திருக்கிறது. என் கணவர் வேலை பார்த்த மில்லை மூடின வருடம் பெரியவளுக்குக் காலேஜ் ஃபீஸ், சின்னவனுக்குப் பத்தாம் வகுப்பு. விடியும் வரை முழங்காலில் இருந்தேன், எழுந்திருக்கும்போது நெஞ்சு முன்னைவிடப் பாரமாகத்தான் இருந்தது.

அப்போது யாத்திராகமம் 16-ஐ வாசித்தேன். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து மன்னா என்ற உணவு விழுகிறது. ஆளுக்கு ஒரு ஓமர் அளவு, அன்றைக்கு உள்ளது மட்டும். நாளைக்கு வேண்டுமே என்று சிலர் எடுத்து வைத்தார்கள், காலையில் பார்த்தால் பூச்சி பிடித்து நாறிப்போயிருந்தது. 2 மணிக்கு விழித்துக்கொண்டு நான் செய்ததும் இதைத்தான். நாளைக்கு வேண்டிய பெலத்தை இன்றைக்கே சேர்த்து வைக்கப் பார்த்தேன். அது கிடைக்கவில்லை, கிடைக்கவும் கிடைக்காது.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். சமையலறையில் தினக் காலண்டர் தொங்கும். ராத்திரி அன்றைய தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் பயத்தை அப்படியே எழுதுவேன். "பயமாக இருக்கிறது" என்று பொதுவாக எழுத மாட்டேன். "ஜூன் 10-க்குள் ஃபீஸ் கட்ட வேண்டும், கையில் பாதிதான் இருக்கிறது" என்று எழுதுவேன். அதற்குக் கீழே நாளைக்கு நான் செய்ய முடிந்த ஒரே ஒரு காரியம்: "காலேஜ் ஆபீசில் தவணை கேட்கணும்." அதற்கும் கீழே அன்றைக்குக் கிடைத்த ஒரு நன்மை. பிலிப்பியர் 4:6 விண்ணப்பத்தை "ஸ்தோத்திரத்தோடே", அதாவது நன்றியோடே, சொல்லச் சொல்கிறது. அந்த ஒரு வார்த்தையை நாம் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். எழுதின தாளை வேதாகமத்துக்குள் வைத்துவிட்டு விளக்கை அணைப்பேன். முதல் வாரம் ஒரு மாற்றமும் இல்லை. மூன்றாவது வாரத்தில் 2 மணி விழிப்பு நான்கு மணிக்குத் தள்ளிப் போனது. அதுவே எனக்குப் பெரிய காரியமாக இருந்தது.

உங்களுக்கு நாளைக்கு ஒரு காரியம்: ரெஸ்யூமேயைத் திருத்தி வையுங்கள். அது அவிசுவாசம் ஆகாது.

கவலைப்படுவது பாவம், விசுவாசக் குறைவு என்று எங்கள் சபையில் சொல்கிறார்கள். எனக்குக் கவலையோடு குற்ற உணர்வும் சேர்ந்துவிட்டது.

இதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது, அம்மா. நோயாளியைப் பார்த்து "உனக்கு ஏன் காய்ச்சல் வந்தது?" என்று அதட்டுகிற மாதிரி இருக்கிறது. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசு துக்கப்படவும் வியாகுலப்படவும் தொடங்கினார் என்று மத்தேயு எழுதுகிறார். அவர் மூன்று தரமும் ஒரே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார். பக்கத்தில் இருங்கள் என்று சீஷர்களைக் கேட்டுக்கொண்டார். "ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்று எழுதின அதே பவுல், சபைகளைக் குறித்த கவலை தன்னை நாள்தோறும் நெருக்குகிறது என்று 2 கொரிந்தியர் 11:28-ல் சொல்கிறார்.

மத்தேயு 6:34-ஐயும் முழுசாக வாசியுங்கள். "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்." பாடே இராது என்று ஆண்டவர் சொல்லவில்லை. இன்றைக்கு ஒரு பாடு உண்டு என்று ஒத்துக்கொள்கிறார், நாளையதையும் சேர்த்துத் தூக்க வேண்டாம் என்கிறார். இதில் நான் கேட்பது இரக்கமான குரலைத்தான். அடுத்த முறை யாராவது உங்களைக் குற்றப்படுத்தினால், 13-ஆம் சங்கீதத்தைத் திறந்து கொடுங்கள். ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்றுதான் அது தொடங்குகிறது.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் எனக்கு எரேமியா 29:11 வாக்குத்தத்த அட்டை வந்தது. வருடம் பாதி ஓடிவிட்டது. மகளுக்கு வரன் அமையவில்லை. ஆண்டவர் என்னை மறந்தாரா?

நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவைக் கொடுப்பேன் என்று கர்த்தர் சொல்கிற அந்த வசனம் ஒரு கடிதத்தில் வருகிறது, அக்கா. பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதின கடிதம். அதற்கு முந்தின வசனத்திலேயே எழுபது வருடம் என்று இருக்கிறது. 5-ஆம் வசனம் வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள் என்கிறது. காத்திருக்கிற காலத்திலும் வாழுங்கள் என்பதுதான் அங்கே சொல்லப்பட்டது. அட்டையில் ஒரு வரிதான் அச்சிட முடியும், அதனால் மற்றது நம் கண்ணில் படுவதில்லை.

உங்கள் மகளுக்கும் இதனால் பாரம் இருக்கும். இந்த வாரம் ஒரு நாள் கல்யாணப் பேச்சையே எடுக்காமல் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

எல்.ஐ.சி. போடுவது, மருத்துவக் காப்பீடு எடுப்பது தேவனை நம்பாமையா?

இல்லை. யோசேப்பு வரப்போகிற பஞ்சத்துக்காக ஏழு வருடம் தானியம் சேர்த்து வைத்தார், நீதிமொழிகள் எறும்பைப் போய்ப் பார் என்கிறது. போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

ஊழியர் ஒருவர் "மூன்று மாதத்தில் உனக்கு வெளிநாட்டு வேலை" என்று தீர்க்கதரிசனம் சொன்னார். இப்போதுள்ள வேலையை விட்டுவிடலாமா?

விடாதீர்கள், தம்பி. ஆஃபர் கடிதம் கைக்கு வந்த பிறகு யோசிக்கலாம். சொன்ன காரியம் நடவாமல் போனால் அது கர்த்தர் சொன்ன வார்த்தை அல்ல என்று உபாகமம் 18:22 சொல்கிறது. இதற்காக அவர் காணிக்கை கேட்டிருந்தால், அதையும் கொடுக்காதீர்கள்.

எனக்குத் திடீரென்று படபடப்பு, கை நடுக்கம், மூச்சு முட்டுகிறது. எட்டு மாதமாக இப்படி. மாத்திரை சாப்பிட்டால் விசுவாசம் இல்லை என்று ஆகுமா?

முதலில் டாக்டரைப் பாருங்கள், தங்கச்சி. தைராய்டு கூடினாலும் இப்படிப் படபடப்பு வரும், இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அது சரியாக இருந்து, ஆறு மாதத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் கட்டுக்கடங்காத கவலை இருந்தால், அதைப் பதற்ற நோயாக மருத்துவர்கள் பார்ப்பார்கள். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. மருந்து தந்தால் பலன் தெரியச் சில வாரம் ஆகும், பாதியில் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சூரைச்செடியின் கீழே எலியா தீர்க்கதரிசி "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டார். தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்க விட்டான், திரும்பவும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தேவன் உடம்பையும் கவனிக்கிறார். சுவிசேஷம் எழுதின லூக்கா வைத்தியர்தான். 1900-ல் மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் தொடங்கிய வேலூர் மருத்துவமனைக்கு இன்றைக்கு பாகாயத்தில் மனநலப் பிரிவும் இருக்கிறது. ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று விரோதம் என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். ராத்திரி நேரத்தில் தாங்க முடியவில்லை, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால், 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம். விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். 74 வயது. படுக்கையில் விழுந்தால் யார் பார்ப்பார்கள் என்ற பயம்தான் எனக்கு.

ஐயா, இது லேசான பயம் இல்லை. நம் பக்கத்து டோனாவூரில் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தின மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931-ல் விழுந்து அடிபட்டார். 1951-ல் மரிக்கும்வரை ஏறக்குறைய இருபது வருடம் பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார், அங்கிருந்தே எழுதினார். அவர் கல்லறைக்குக் கல் இல்லை, பறவைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டி ஒன்றுதான் இருக்கிறது. ஆனால் அவரைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள், அதுதான் நான் சொல்ல வருவது. அந்த ஆட்களை இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் ஒருவருக்கு ஒரு சாவி கொடுங்கள். மாத்திரை விவரத்தையும் பிள்ளைகளின் எண்களையும் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். தினமும் காலை 7 மணிக்கு உங்களுக்கு போன் பண்ண ஒருவரைச் சபையில் கேளுங்கள். வெட்கப்படாதீர்கள், ஐயா. கேட்டால் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஆன்ட்டி, நான் எட்டாவது படிக்கிறேன். அப்பாவும் அம்மாவும் ராத்திரி கடனைப் பற்றி மெதுவாகப் பேசுகிறார்கள். எனக்குப் பயமாக இருக்கு. ஜெபம் பண்ணினால் சரியாகிவிடுமா?

கண்ணு, நீ கேட்டது ரொம்ப நல்லது. கடன் எப்போது தீரும் என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி உன்னிடம் பேச மாட்டேன். நீ ஜெபம் பண்ணும்போது இயேசு கேட்கிறார், அதை உறுதியாகச் சொல்வேன். அவரிடம் இதே மாதிரிதான் பேச வேண்டும், பெரிய வார்த்தை ஒன்றும் வேண்டாம். ஆனால் இந்தப் பயத்தை நீ தனியாக வைத்துக்கொள்ளக் கூடாது. இன்றைக்குக் குடும்ப ஜெபம் முடிந்ததும், அப்பா எழுந்திருக்கும் முன்னே, "நீங்க பேசினது எனக்குக் கேட்டுச்சுப்பா" என்று சொல்லு. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். நீ பக்கத்திலேயே இரு.