துருவ நட்சத்திரம் தெரியாவிட்டால் மவுண்ட்டை எப்படிச் சீரமைப்பது?

கேள்வி: மதுரையில் மொட்டைமாடியிலிருந்து வானத்தைப் படமெடுக்கிறேன். வடக்கே அடுக்குமாடி இருப்பதால் துருவ நட்சத்திரம் தெரியாது. 200 மி.மீ. லென்ஸில் 60 விநாடி வைத்தால் நட்சத்திரங்கள் கோடாக விழுகின்றன. விலை கூடிய மவுண்ட் (நட்சத்திரங்களைத் தொடர்ந்து கேமராவைத் திருப்பும் தாங்கி) வாங்கு என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். முதலில், கோடு ஏன் விழுகிறது என்று கண்டுபிடியுங்கள். 60 விநாடிப் படத்தில் கடைசி 10 விநாடி டிராக்கிங்கை, அதாவது மவுண்ட் நட்சத்திரத்தைத் தொடர்வதை, நிறுத்துங்கள். நட்சத்திரம் ‘ட’ எழுத்துப் போல மடங்கினால் சீரமைப்புப் பிழை, அதாவது மவுண்ட்டின் சுழல் அச்சு வானின் வடதுருவத்தை நேராக நோக்கவில்லை. மடங்காமல் ஒரே நேர்கோடாக நீண்டால் பல்சக்கரத்தின் பிழை. அதற்கு இன்னோர் அடையாளமும் உண்டு: சில படம் நன்றாக வரும், சில படம் இழுக்கும், வார்ம் (மவுண்ட்டின் பல்சக்கரத்தைச் சுழற்றும் திருகு) ஒரு சுற்று முடிய பல மவுண்ட்களில் 8 முதல் 10 நிமிடம் ஆகும், அதற்குள் பிழை ஏறி இறங்கும். இதை எத்தனை இரவு சீரமைத்தாலும் தீர்க்க முடியாது; ஆட்டோகைடர் (ஒரு நட்சத்திரத்தைக் கண்காணித்து மவுண்ட்டைத் தானே திருத்தும் கருவி) உதவும்.

கோட்டோ மவுண்ட்டில் (கேட்ட பொருளை நோக்கித் தானே திரும்பும் மவுண்ட்) மூன்று நட்சத்திரம் காட்டினால் எல்லாம் தானே சரியாகிவிடும் என்று சொல்லி விற்பார்கள். நம்பாதீர்கள். அது பொருளைத் தேடித் தரும், அவ்வளவுதான்; அச்சு சாய்ந்தபடியேதான் இருக்கும். கையேடுகளும் 40, 50 டிகிரி அட்சரேகைக்காரர்களுக்கு எழுதியவை. மதுரையில் துருவம் 10 டிகிரி உயரத்தில், நீட்டிய கையின் ஒரு முஷ்டி அளவில் இருக்கிறது என்பதை யாரும் நினைப்பதில்லை.

உங்களுக்கு ட்ரிஃப்ட் முறை, அதாவது நட்சத்திரம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து அச்சைத் திருத்தும் முறை, போதும். ஃபோன் திசைகாட்டியை இரும்பு டிரைபாடுக்குத் தள்ளி வைத்து வடக்கைக் குறியுங்கள். உச்சியைக் கடக்கும் ஓரியன் இடைக்கச்சை நட்சத்திரம் ஒன்றை லைவ் வியூவில் பெரிதாக்கி 5 நிமிடம் கவனியுங்கள். லென்ஸின் முனையை வடக்கே லேசாகத் தள்ளினால் நட்சத்திரம் ஓடும் பக்கம் தெற்கு. டிராக்கிங்கில் அது தெற்கே நகர்ந்தால் அச்சு கிழக்கே விலகியிருக்கிறது. திசைத் திருகால் மேற்கே திருப்புங்கள். வடக்கே நகர்ந்தால் எதிர்ப்பக்கம். அச்சு 1 டிகிரி விலகினால் நிமிடத்துக்கு 15 விகலைக்கு (ஒரு விகலை என்பது டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு) மேல் நகரும், கண்ணுக்கே தெரியும்.

அடுத்து நேர்கிழக்கில் 20, 30 டிகிரி உயரத்தில் ஒரு நட்சத்திரம். தெற்கே நகர்ந்தால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே நகர்ந்தால் உயர்ந்திருக்கிறது. இவ்வளவு தாழ்ந்த கோணத்தில் உயரத் திருகுமேல் பாரம் அதிகம். இறக்கி நிறுத்தினால் பிறகு மெல்ல நழுவும். கொஞ்சம் கூடுதலாக இறக்கிவிட்டு, ஏற்றித்தான் முடிக்க வேண்டும். பிறகு திசையை இன்னொரு முறை பாருங்கள். முதல் தடவையிலேயே சரியாக அமையாது.