ஆட்கள் கூடிவிட்டார்கள், அறை கூடவில்லை: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே சங்கதிதான். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், படுக்க இடமில்லை, எங்கே அறை இறக்கலாம்? பிளான் கீறிப் பிழைக்கிறவன் இப்படிச் சொல்லக்கூடாதுதான், ஆனாலும் சொல்கிறேன்: கேட்டவர்களில் பலருக்குப் புது அறையே தேவையில்லை. யார் எங்கே படுப்பது என்பதைக் கொஞ்சம் மாற்றினால் போதும். உண்மையில் கட்டத்தான் வேண்டும் என்கிறவர்களும் மேசன் பாஸைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒன்றை யோசியுங்கள். இந்த வீடு அடுத்து யாருக்கு? எங்கள் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் வீடு சீதனமாகப் பெண்பிள்ளைக்குப் போகிறது. அதை நினைக்காமல் கட்டிய அறையை ஐந்தாறு வருடத்தில் உடைப்பதைத்தான் பார்க்கிறேன்.

கேள்வி: எங்களுடையது ஆழிப்பேரலைக்குப் பிறகு கிடைத்த திட்ட வீடு. இரண்டு அறை, ஹோல், குசினி, முன்விறாந்தை. நானும் அவரும், இரண்டு பெண்பிள்ளைகள், ஐந்து வயதில் ஒரு மகன், என்னுடைய அம்மா. மூத்தவள் போன மாதம் பெரியபிள்ளையானாள். அவளுக்கு ஒரு அறை வேணும். மேலே கொங்கிறீட் பிளேட் போட்டு இரண்டு அறை எடுக்கலாம் என்கிறார் மேசன் பாஸ். செய்யலாமா? (வாசகி, கல்லடி)

தங்கச்சி, பாஸ் சொன்னார் என்று கம்பி இறக்கிவிடாதீர்கள். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகள் பெரும்பாலும் 500 சதுர அடியை ஒட்டியவை. அவற்றில் கூடுதலானவை கூரையைத் தாங்குவதற்காக மட்டும் கட்டியவை. ஓட்டுக் கூரையையோ அஸ்பெஸ்டஸ் சீற்றையோ தாங்கும் சுவர் பிளேட்டையும் தாங்கும் என்று நினைப்பது பெரிய பிழை. ஒரு கணக்குச் சொல்கிறேன். 10 அடிக்கு 10 அடி அறையின் மேல் 5 அங்குலத் தடிப்பில் பிளேட் போட்டால், அந்தக் கொங்கிறீட்டின் பாரம் மட்டும் கிட்டத்தட்ட 2.8 தொன். அதன் மேல் சுவர், கூரை, கட்டில், அல்மாரி, ஆட்கள். கீழே இருப்பதோ சீமெந்துக் கல் சுவரும் கருங்கல் அத்திவாரமும், அதற்கும் கீழே கல்லடி மணலும்.

சில நிறுவனங்கள் பின்னாளில் மேலே கட்டலாம் என்று தூணும் பீமும் வைத்தே கட்டிக்கொடுத்தார்கள். உங்களுடையது அந்த ரகமா என்று அறிய வேண்டுமானால், வீட்டு மூலையில் அத்திவாரத்தின் அடி தெரியும் மட்டும் ஒரு குழி வெட்டுங்கள். மூலையில் கம்பி போட்ட தூண் இறங்கி, அதற்கு அடியில் அகலமான கொங்கிறீட் பாதம் இருந்தால் ஒரு பொறியியலாளரைக் கூப்பிட்டுக் காட்டலாம். கல் சுவர் நேரே கருங்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தால் மாடிப் பேச்சை அன்றைக்கே விட்டுவிடுங்கள்.

சரி, இனி அறைக்கு வருவோம். உங்கள் வீட்டில் கதவும் கொண்டியும் உள்ள அறை யாருக்குத் தேவை? இரண்டு பெண்பிள்ளைகளுக்கும்தான். ஓர் அறையை அவர்களுக்கு விட்டுவிடுங்கள். 10 அடி அறையில் 3 அடி அகலக் கட்டில் இரண்டை எதிரெதிர்ச் சுவரோரம் போட்டால் நடுவில் 4 அடி மிஞ்சும். யன்னலுக்குக் கீழே அந்த இடைவெளியில் ஒரு படிக்கிற மேசை. கட்டிலைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் செய்வித்து, அடியில் இழுப்பறை வைத்துவிட்டால் அந்த அறைக்குள் அல்மாரி தேவைப்படாது. பாதி வீடுகளில் அறையைத் தின்பது கட்டில் அல்ல, கலியாணத்துக்கு வந்த மூன்று கதவு அல்மாரிதான். அதை ஹோலுக்குக் கொண்டுவாருங்கள். முதுகுப் பக்கத்தில் நல்ல துணியொன்றை அடித்துவிட்டால் அதுவே ஒரு மறிப்பு.

மகன் இப்போதைக்கு உங்கள் இருவரோடும் படுக்கலாம். ஏழெட்டு வயதானதும் ஹோலில் ஒரு மடிப்புக் கட்டில் போதும்.

அம்மாவுக்கு விறாந்தையில் பாதி. முகத்தைச் சுளிக்காதீர்கள், ஒதுக்கச் சொல்லவில்லை. வயதானவர்களுக்கு வேண்டியது காற்று, கிட்டத்தில் பாத்ரூம், யார் வருகிறார் போகிறார் என்ற காட்சி. மூன்றுமே மூலை அறையில் கிடைக்காது. இடுப்பளவு சுவர் எழுப்பி, மேலே கிறில்லும் அடைக்கக்கூடிய பலகை யன்னலும் வையுங்கள். கார்த்திகை, மார்கழியில் மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். கடல் பக்கம் பார்த்த விறாந்தையென்றால் வெளியே 2 அடிக்குக் குறையாத தாழ்வாரம் வேண்டும், இல்லாவிட்டால் மெத்தை நனையும். இரவில் பாத்ரூம் போகிற வழியில் படி இருந்தால் அதைச் சாய்வாக்கி ஒரு கைபிடி அடியுங்கள். அம்மாவிடம் கேட்டுவிட்டு மற்றதைச் செய்யுங்கள்.

கேள்வி: 4 பேர்ச் வளவு. கீழ் வீட்டை மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டோம், மருமகனும் வந்துவிட்டார். நானும் மனைவியும் மற்ற மகளும் பின்னறை ஒன்றில் இருக்கிறோம். பிளேட்டும் தூணும் முன்பே போட்டது. இனி மேலே கட்டப்போகிறோம். எத்தனை படுக்கையறை வைக்கலாம்? (வாசகர், காத்தான்குடி)

அறைக் கணக்கைக் கடைசியில் பார்ப்போம். முதலில் படி. 4 பேர்ச் என்றால் 1089 சதுர அடி. அதில் ஒவ்வோர் அடிக்கும் விலை இருக்கிறது என்பதால் படியை வீட்டுக்குள்ளேயே வைத்துவிடத் தோன்றும். வைக்காதீர்கள். மேல் மாடி நாளைக்கு இளைய மகளின் வீடு. அவள் புருசன் ஒவ்வொரு முறையும் மச்சாளின் ஹோலுக்குள்ளால் ஏறிப் போவதா? படி வெளியே இருக்கட்டும். 10 அடி உயரத்துக்கு நேர்ப் படி வைத்தால் 13 அடிக்கு மேல் நீளம் எடுக்கும். நடுவில் திரும்புகிற படியென்றால் ஏறத்தாழ 7 அடிக்கு 10 அடியில் முடிக்கலாம். படிக்குக் கீழே உள்ள இடம் கீழ் வீட்டுக்கு, மோட்டார் சைக்கிள் நிறுத்த. தண்ணீர்க் குழாயையும் மின்மானியையும் ஆரம்பத்திலேயே பிரித்துவிடுங்கள். அக்கா தங்கச்சி சண்டைக்குக் காணியைவிட கரண்ட் பில் பெரிய காரணம்.

அடுத்தது கம்பி. உங்கள் ஊரில் எந்த ஒழுங்கையில் நின்று மேலே பார்த்தாலும் பிளேட்டுக்கு மேல் தூண் கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கும். உப்புக் காற்றில் அவை எத்தனை வருடமாக நிற்கின்றன? கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். மேற்பரப்பில் செந்தூசி மட்டும் உதிர்ந்து அடியில் கெட்டிக் கம்பி தெரிந்தால் பயமில்லை. செதில் செதிலாகக் கழன்று, பிளேட்டுக்குள் நுழைகிற இடத்தில் கம்பி மெலிந்திருந்தால் அதோடு புதுக் கம்பியைக் கட்டிக் கொங்கிறீட் போடுவதில் பிரயோசனம் இல்லை. பழைய தூணின் தலையைக் கொத்தி நல்ல கம்பி வரும்வரை இறங்க வேண்டும். எவ்வளவு என்பதைப் பொறியியலாளர்தான் சொல்ல வேண்டும், பாஸ் அல்ல. கடல் மணல் கலந்து கட்டியது என்று தெரிந்தால் இன்னும் கவனம், அந்த உப்பு உள்ளே இருந்தே கம்பியைத் தின்னும்.

மூன்றாவது, காணி உறுதிப் பத்திரம். ‘மேல் மாடி இளையவளுக்கு’ என்று வாயால் சொல்வது போதாது. நிலம் முழுக்க மூத்தவள் பெயரில் போய்விட்டால் மேலே கட்டியதும் சட்டப்படி அந்த நிலத்தோடு சேர்ந்துவிடும். இவ்வளவு சிறிய வளவை இன்னும் இரண்டாகத் துண்டாக்க அனுமதி எதிர்பார்க்க வேண்டாம். மாடிக்குத் தனி உறுதி எழுத 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடி வீட்டு உரிமைச் சட்டத்தில் வழி இருக்கிறது, அதற்கு உத்தரவு பெற்ற நில அளவையாளரின் மாடித் திட்டப்படம் வேண்டும். கல் இறக்குமுன் ஒரு நொத்தாரிசிடம் போய்ப் பேசுங்கள். மூத்தவளுக்கு இன்னும் எழுதாமல் இருந்தால் இப்போது எழுதவே வேண்டாம், இரண்டையும் ஒன்றாகச் செய்யலாம்.

இனி அறை: இரண்டு, தாராளமாக. மூன்றாவதுக்கு ஆசைப்பட்டு யன்னல் இல்லாத குகை ஒன்றைக் கட்டாதீர்கள். நீங்களும் மனைவியும் கீழேயே ஓர் அறையும் பாத்ரூமும் வைத்துக்கொள்ளுங்கள். எழுபது வயதில் அந்தப் படி ஏறுவது லேசு இல்லை.

கேள்வி: ஆண்பிள்ளைகள் இருவர், ஒன்பதும் நாலும். அடுக்குக் கட்டில் வாங்க நினைக்கிறோம். சீற் வீடு. (வாசகர், காரைதீவு)

நாலு வயதுக்காரன்தான் மேலே ஏறுவேன் என்று அழுவான். விடாதீர்கள், ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளை மேல் தட்டில் படுக்கக்கூடாது. பெரியவன் மேலே, சின்னவன் கீழே.

என் முதல் பயம் கட்டில் அல்ல, ஃபேன். சீலிங்கில் தொங்குகிற ஃபேனின் தகடு எட்டடி உயரத்தில் சுற்றும். மேல் தட்டு மெத்தை ஐந்தடியில் இருக்கும். அதில் ஒன்பது வயதுப் பிள்ளை எழும்பி நின்று கையைத் தூக்கினால் என்ன ஆகும்? அந்த அறையில் சீலிங் ஃபேனைக் கழற்றிவிட்டுச் சுவர் ஃபேன் பூட்டுங்கள். மெத்தைக்கும் சீலிங்குக்கும் இடையில் 3 அடியாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் பிள்ளை நிமிர்ந்து உட்கார முடியாது.

ஓடாவியிடம் செய்விக்கிறீர்கள் என்றால் மேல் தட்டின் நாலு பக்கமும் தடுப்பு வேண்டும். சுவர்ப் பக்கம்தானே என்று விடக்கூடாது. தடுப்பு மெத்தையின் மேற்பரப்பிலிருந்து 5 அங்குலமாவது உயர்ந்து நிற்க வேண்டும். அதனால் மெத்தை மெல்லியதாக, 4 அங்குலத்தில் வாங்குங்கள். சட்டங்களுக்கு இடையில் மூன்றரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி விட்டால் உடம்பு நழுவித் தலை சிக்கும். மூட்டுகளுக்கு ஆணி வேண்டாம், ஊடுருவிப் போகிற போல்ட் போடச் சொல்லுங்கள். ஆடத் தொடங்கினால் முறுக்கிக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும். சீலிங் அடிக்காத சீற் கூரைக்குக் கீழே, சூடான கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் மேல் தட்டு அவியும். அப்படியென்றால் இழுப்புக் கட்டிலே நல்லது. ஒன்றின் அடியில் மற்றொன்று சில்லில் உருண்டு போகும், பகலில் ஒரு கட்டிலின் இடம்தான். சீற்றில் துளைக்கிற வேலை வந்தால் காய்ந்தபடி துளைக்கவோ அறுக்கவோ வேண்டாம், தண்ணீர் விட்டு நனைத்துச் செய்யச் சொல்லுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. பிள்ளைகள் கிட்ட நிற்கக்கூடாது.

கேள்வி: மூன்று அறை இருந்தும் நாங்கள் ஐந்து பேரும் இரண்டு அறையில்தான் படுக்கிறோம். மூன்றாவதில் நெல் மூடை. வாப்பா அதை எடுக்க விடமாட்டார். (வாசகி, அக்கரைப்பற்று)

வாப்பா பக்கம் நியாயம் இருக்கிறது. நெல் வீட்டில் கிடந்தால் மனதுக்குத் தைரியம், வெட்டு நேரத்தில் விலை விழும், பிறகு ஏறும். ஆனால் நெல்லோடு சுணை வரும், எலி வரும், எலியைத் தேடிப் பாம்பும் வரும். மூச்சிழுப்பு உள்ள பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் அடுத்த அறைக்கும் அந்தத் தூசி ஆகாது.

அறையைக் கேட்காதீர்கள், மூடைக்கு வேறு இடம் கொடுங்கள். குசினிப் பக்கச் சுவரோடு 8 அடிக்கு 6 அடியில் சாய்ப்புக் கூரை போட்டு ஒரு பத்தி இறக்குங்கள். தரை வளவை விட ஒன்றரை அடி உயரம், உங்கள் ஒழுங்கையில் வெள்ளம் ஏறிய அடையாளம் அதைவிட மேலே இருந்தால் அதற்கும் மேல். மூடையை நேரே சீமெந்தில் வைக்காமல் பலகைத் தட்டில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். சுற்றிவர எலி நுழையாத கம்பி வலை. கூரையைச் சுவரோடு கொங்கிறீட்டில் புதைத்த கொக்கியால் கட்டுங்கள், 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட யாரும் உங்கள் வீட்டில் இருந்தால் ஏன் என்று சொல்வார்கள். பெரும்போக நெல் மாசி, பங்குனியில் வீட்டுக்கு வருமுன் இதை முடித்துவிட்டால் வாப்பாவிடம் பேச்சே வராது. சாப்பாட்டு நெல்லும் விதை நெல்லும் அங்கே, மிச்சத்தை விற்பது அவர் பாடு.

கேள்வி: ஹோலை மறித்து மகனுக்கு ஒரு அறை எடுக்கிறோம், உயர்தரம் படிக்கிறான். ஜிப்சம் போட்டா, பிளைவூட்டா? (வாசகர், களுவாஞ்சிக்குடி)

இரண்டும் வேண்டாம். ஜிப்சம் ஈரத்தில் ஊதும், பிளைவூட்டைக் கறையான் விடாது. சீமெந்து போட் அடியுங்கள், அடியில் முதல் 6 அங்குலத்துக்குக் கல் வரி ஒன்று வைத்து அதன் மேல் சட்டம் நிறுத்துங்கள். கூரை வரை போக வேண்டாம், 7 அடியோடு நிறுத்தினால் காற்று மேலால் போய்வரும். ஆனால் வெளிச்சுவர் யன்னல் ஒன்று அந்தப் பக்கம் விழ வேண்டும். இல்லையென்றால் அது படிக்கிற அறை இல்லை, வியர்க்கிற அறை. டிவியை எங்கே வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். பரீட்சை முடியும்வரை நிறுத்தி வையுங்கள், 7 அடி மறிப்பு சத்தத்தை மறிக்காது.

கேள்வி: குழந்தை பிறந்து இரண்டு மாதம். தனி அறை தேவையா? (வாசகி, ஏறாவூர்)

இல்லை. முதல் ஆறு மாதமாவது உங்கள் அறையிலேயே, உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில், ஆனால் வேறு படுக்கையில். மல்லாக்க, தலையணை இல்லாமல், தட்டையான கெட்டி மெத்தையில். சீலையில் கட்டும் ஏணை பகலில், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும். கூரை வளையைப் பார்த்துக் கட்டுங்கள், கறையான் பிடித்த வளையில் கட்டி விழுந்த கதைகள் உண்டு. கணவருக்கு இரவு வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பகலில் நித்திரை கொள்ள அவருக்குத்தான் ஓர் இருட்டறை வேண்டும், யன்னலுக்குத் தடித்த சீலை போடுங்கள்.

கேள்வி: சாமி அறையை எடுத்துப் படுக்கையறை ஆக்கலாமா? 7 அடிக்கு 6 அடி. (வாசகர், தம்பிலுவில்)

ஒருவருக்குப் போதும், 6 அடிக்கு 3 அடிக் கட்டில் போட்டு மேலே தட்டு அடிக்கலாம். சாமியை ஹோலின் கிழக்குச் சுவரில், கதவு வைத்த மாடத்தில் வையுங்கள். விளக்குக்கு மேலே பலகை வந்தால் கரி பிடிக்கும், தீயும் பிடிக்கும், இரண்டு அடியாவது இடைவெளி விடுங்கள். புது யன்னல் திறக்கிற சுவர் அயலவர் எல்லையோடு ஒட்டியிருந்தால் முதலில் பிரதேச சபையில் கேட்டுவிட்டு உடையுங்கள்.