பையன் கையெழுத்துப் போடும் முன்: கல்லூரி ஃபுட்பால், பணம் – வாசகர் கேள்விகள்

சமீபத்தில் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலைப் பற்றியவை. நம்மூர்க் கால்பந்து இல்லை, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஆடும் ஆட்டம். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

என் மகன் பத்தாம் வகுப்பு. பள்ளி அணியில் லைன்பேக்கர். ஒரு பல்கலைக்கழகத்தின் உதவிக் கோச் அவனுக்கு 'ஆஃபர்' கொடுத்துவிட்டதாகச் சொல்கிறான். இடம் உறுதிதானே?
– ஒரு அப்பா, டாலஸ் புறநகர்

உறுதி இல்லை. வாயால் சொல்லும் ஆஃபர் கல்லூரியைக் கட்டுப்படுத்தாது. இந்தக் கல்லூரிக்குத்தான் வருவேன், 'கமிட்' ஆகிவிட்டேன் என்று பையன் அறிவிப்பதும் அவனைக் கட்டுப்படுத்தாது. பன்னிரண்டாம் வகுப்பு டிசம்பரில் கையெழுத்து ஆகும்வரை இரண்டு பக்கமும் மனம் மாறலாம், மாறத்தான் செய்கிறார்கள். இருக்கிற இடங்களைவிட அதிகமாகத்தான் கோச்சுகள் ஆஃபர் கொடுத்து வைப்பார்கள்.

இன்னொரு விஷயம். உங்கள் பையன் மற்ற பள்ளிப் பையன்களோடு மட்டும் போட்டி போடவில்லை. கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் பட்டியலான, 2018இல் வந்த டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக, வேறு கல்லூரியில் இரண்டு மூன்று சீசன் ஆடி நிரூபித்த 21 வயதுக்காரரும் அதே இடத்துக்கு வருகிறார். அடுத்த வருடமே ஜெயித்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் இருக்கும் கோச் யாரை எடுப்பார்?

அதனால் அடுத்த முறை பேசும்போது மரியாதையாக, நேராகக் கேளுங்கள்: "இன்றைக்கே இவன் கமிட் ஆகிறேன் என்றால் எடுத்துக்கொள்வீர்களா?" பதில் சுற்றி வளைத்து வந்தால் அது ஆஃபர் அல்ல, விசாரிப்பு. அந்த உதவிக் கோச் நாளைக்கு வேறு ஊருக்குப் போனால் அவர் வாக்கும் அவரோடு போய்விடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மாணவர்களுக்குப் பணம் கொடுத்தால் பெரிய குற்றம் என்றுதான் படித்திருக்கிறேன். இப்போது கோடிக்கணக்கில் கொடுக்கிறார்களே, எப்போது மாறியது?
– சென்னை வாசகர்

குற்றமாகத்தான் இருந்தது. டெக்சாஸில் உள்ள சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில், பூஸ்டர்கள் என்று சொல்லப்படும் பணக்கார ஆதரவாளர்கள் வீரர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்தது தெரிந்து, 1987 சீசன் முழுவதையும், கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ ரத்து செய்தது. அடுத்த வருடமும் அந்தக் கல்லூரியால் அணியை இறக்க முடியவில்லை. 2005இல் சிறந்த கல்லூரி ஃபுட்பால் வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கிய ரெஜி புஷ், அவரும் குடும்பமும் வெளியாரிடம் பணமும் சலுகைகளும் பெற்றதாக என்சிஏஏ முடிவு செய்ததால் 2010இல் கோப்பையையே விட்டுக்கொடுத்தார்.

மாற்றம் நீதிமன்றம் வழியாக வந்தது. 2021 ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாக என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அந்த வழக்கு படிப்பு சார்ந்த சலுகைகளைப் பற்றியதுதான். ஆனால் பழைய விதிகள் சட்டத்தின் முன் நிற்காது என்பது அதோடு எல்லோருக்கும் புரிந்துபோனது. அதே ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்றானது. இதுதான் என்ஐஎல். 2025 ஜூன் 6 அன்று, வீரர்கள் என்சிஏஏ மீது போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்தார். பழைய வீரர்களுக்கு சுமார் 280 கோடி டாலர் இழப்பீடு. அதோடு 2025-26இல் சமரசத்தை ஏற்ற ஒவ்வொரு கல்லூரியும் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை தன் வீரர்களுக்கு நேரடியாகவே கொடுக்கலாம் என்றானது.

ரெஜி புஷ்ஷுக்கு 2024இல் கோப்பை திரும்பக் கிடைத்தது. நடுவில் போன 14 வருட மரியாதையை யார் திருப்பிக் கொடுப்பது?

பதினெட்டு வயதில் இவ்வளவு பணம் பிள்ளைகளைக் கெடுத்துவிடாதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கோவை

கவலை புரிகிறது, டீச்சர். ஆனால் பணம் இந்த ஆட்டத்துக்குப் புதிதாக வரவில்லை. எப்போதும் இருந்தது, ஆடும் பிள்ளைகளுக்கு மட்டும் பங்கு இல்லை. 2023 நவம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் தலைமைக் கோச் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது, ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியிருந்தது 7 கோடியே 60 லட்சம் டாலருக்கு மேல். வேலையை விட்டு அனுப்புவதற்கு அவ்வளவு! முட்டி கிழிந்து ஆட்டமே முடிந்துபோகும் அபாயம் பையனுக்குத்தான். அவனுக்குப் பணம் போவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

என் பயமெல்லாம் அந்தப் பணத்தைச் சுற்றி நிற்கும் பெரியவர்களைப் பற்றித்தான். அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

என் அக்கா மகன் கல்லூரி அணியில் இருக்கிறான். ஒரு நிறுவனம் இப்போதே பெரிய தொகை தருகிறது. பிற்காலத்தில் தொழில்முறை லீகான என்எஃப்எல் போனால் சம்பளத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதுமாம். போகாவிட்டால் ஒன்றும் வேண்டாமாம். நல்ல ஏற்பாடாகத்தானே தெரிகிறது?
– ஹூஸ்டன் வாசகர்

தயவுசெய்து அவசரப்பட வேண்டாம். ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் ஆடிய ஜெர்வான் டெக்ஸ்டரின் வழக்கை முதலில் படியுங்கள். 2022இல் அவர் அப்படியொரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். கிடைத்தது 4,36,485 டாலர். பதிலுக்கு, என்எஃப்எல்லில் அவர் சம்பாதிப்பதில் வரிக்கு முன் 15 சதவீதம், 25 வருடங்களுக்கு. மறு வருடமே சிகாகோ பேர்ஸ் அணி இரண்டாம் சுற்றில் அவரை எடுத்தது. நான்கு வருட முதல் ஒப்பந்தம் சுமார் 67 லட்சம் டாலர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: முதல் நான்கு வருடத்திலேயே பங்கு 10 லட்சம் டாலரைத் தொடுகிறது. வாங்கியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல்! அதற்கப்புறமும் 21 வருடம் மிச்சம். அதுவும் வரி கட்டும் முன். நம்மூரில் இதற்குக் கந்துவட்டி என்று பெயர். கல்லூரி ஆட்டம் முடிந்த பிறகும் நீளும் ஒப்பந்தம் ஃப்ளோரிடா சட்டப்படி செல்லாது என்று சொல்லி 2023இல் அவர் வழக்குப் போட்டார்.

'போகாவிட்டால் ஒன்றும் வேண்டாம்' என்பது உண்மைதான். ஆனால் போகக்கூடிய பையன்களாகப் பார்த்துத்தான் இவர்கள் வருகிறார்கள். என்சிஏஏ கணக்குப்படி கல்லூரி ஃபுட்பால் வீரர்களில் 100க்கு 2 பேர்கூட என்எஃப்எல் போவதில்லை என்பது அந்த நிறுவனத்துக்கும் தெரியும்.

வாக்குறுதிகளிலும் கவனம் வேண்டும். அதே ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் ஆட, குவார்ட்டர்பேக் ஜேடன் ரஷாடாவுக்கு 2022இல் பேசிய தொகை 1 கோடியே 38 லட்சம் டாலருக்கு மேல். எழுத்தில் இருந்தும் அது கைக்கு வரவில்லை. விலகிப் போய், 2024இல் அந்தக் கல்லூரியின் கோச் மீதே வழக்குப் போட்டார். 2024 செப்டம்பரில் நெவாடா லாஸ் வேகஸ் அணியின் மாத்யூ ஸ்லூகா, ஆடிய மூன்று ஆட்டத்திலும் ஜெயித்திருந்த நிலையில் விலகினார். வாயால் சொன்ன 1 லட்சம் டாலர் வரவில்லை என்பது அவர் தரப்பு. முறையான ஆஃபரே இல்லை என்றது கல்லூரி.

எந்தக் காகிதமானாலும் உங்கள் அக்கா தன் சொந்தச் செலவில் ஒரு வக்கீலிடம் காட்டட்டும். நிறுவனம் ஏற்பாடு செய்து தரும் வக்கீல் வேண்டாம். எத்தனை வருடம், மொத்தச் சம்பளத்திலா கையில் வருவதிலா, கல்லூரி மாறினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா – இந்த மூன்றுக்கும் பதில் எழுத்தில் இல்லையென்றால் பேனாவையே எடுக்க வேண்டாம்.

நான் எஃப்-1 விசாவில் படிக்கிறேன். அணியில் கிக்கர். நானும் என்ஐஎல் பணம் வாங்கலாமா?
– ஒரு மாணவர், ஒஹாயோ

அமெரிக்க மண்ணில் வேலை செய்து சம்பாதிக்க எஃப்-1இல் கடுமையான கட்டுப்பாடு உண்டு. விளம்பரத்தில் நடிப்பது, காசுக்கு ஆட்டோகிராஃப் போடுவது எல்லாம் வேலை என்று பார்க்கப்படலாம். உங்களைப் போல வெளிநாட்டு மாணவராக இருந்த கென்டகி பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர் ஆஸ்கர் ஷீப்வே, 2022இல் அணி பஹாமாஸ் போனபோது அங்கே வைத்துத்தான் தன் விளம்பர வேலைகளை முடித்தார். கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகம், ஒரு குடிவரவு வக்கீல், இருவரையும் கேட்காமல் ஒரு டாலர்கூட வாங்காதீர்கள். தப்பானால் போவது விசா.

என் மகள் கல்லூரியில் வாலிபால் ஆடுகிறாள். இந்தப் பணம் அவளுக்கும் வருமா?
– நியூ ஜெர்சி வாசகி

சட்டத்தில் தடையில்லை. நடைமுறையில் பெரிய கல்லூரிகளில் சிங்கப் பங்கு ஃபுட்பாலுக்குப் போகிறது, அடுத்தது ஆண்கள் கூடைப்பந்து. இது பாலினச் சமத்துவச் சட்டத்துக்கு, அதாவது டைட்டில் நைனுக்கு, விரோதம் என்று வாதம் நடக்கிறது. எனக்கும் அந்த வாதம் நியாயமாகவே படுகிறது.

உள்ளூர் கார் டீலர் என் மகனுக்கு விளம்பரத்துக்கு 5,000 டாலர் கொடுத்தார். அப்படியே அவன் கணக்கில் போட்டுவிட்டோம். வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?
– அட்லாண்டா வாசகர்

இரண்டு வேலை இருக்கிறது. பெரிய கல்லூரி அணியில் இருந்தால், 600 டாலரோ அதற்கு மேலோ வரும் வெளி ஒப்பந்தத்தை என்ஐஎல் கோ என்ற தளத்தில் பதிய வேண்டும். அப்புறம் வரி. இது சுயதொழில் வருமானம், யாரும் பிடித்தம் செய்து தர மாட்டார்கள். வருமான வரியோடு 15.3 சதவீத சுயதொழில் வரியும் உண்டு. பாதியையாவது தொடாமல் தனியாக எடுத்து வையுங்கள், செலவு ரசீதுகளையும் சேர்த்து வையுங்கள். கல்லூரி நிதியுதவிப் படிவத்திலும் இந்த வருமானத்தைக் காட்ட வேண்டியிருக்கும்.