பிராட்ஃபோர்டின் பழைய கஃபேக்கள் – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். பேரனைப் பார்த்துக்கொள்ள இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். நீங்கள் இங்கே படித்தவர் என்பதால் எழுதுகிறேன். பக்கத்து நூலகத்தில் வாரம் ஒருநாள் வயதானவர்கள் கூடிப் பழைய கதை பேசுகிறார்கள். போன வாரம் பேச்சு முழுக்க அந்தக் காலத்து கஃபேக்களைப் பற்றி. வெள்ளைத் துணி விரித்த மேஜைகள், டிரல் தெருவில் காலின்சன்ஸ் கடையில் காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனை, உள்ளே மூன்று பேர் வாசிக்கும் இசை. ஒரு அம்மாள் சொல்லும்போதே அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது. கடைசியில் ஒருவர், "வெளியாட்கள் வந்தார்கள், எல்லாம் போச்சு" என்றார். என்னை எதிரில் வைத்துக்கொண்டே சொன்னார். பதில் தெரியாமல் எழுந்து வந்துவிட்டேன். அந்த ஊர் நிஜமாகவே அவ்வளவு நன்றாக இருந்ததா? எங்களைப் போல வந்தவர்களாலா அது போயிற்று?

எஸ்.

அன்புள்ள அம்மா,

அந்த அம்மாளின் அழுகை உண்மையானது. அவர் இளம்பெண்ணாக இருந்த காலத்தில் பப் என்பது ஆண்களின் இடம். ஒரு பெண் தனியாகவோ தோழிகளோடோ போய், யாரும் ஒரு மாதிரி பார்க்காமல் ஒரு மணி நேரம் உட்கார முடிந்த இடம் கஃபேதான். ஆலையிலும் அலுவலகத்திலும் வாரம் முழுக்க உழைத்தவர்களுக்குச் சனிக்கிழமை மதியம் அந்த மேஜையும் அந்த இசையும் எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும்! அதை இழந்தவர் அழத்தான் செய்வார்.

ஆனால் அந்த மனிதர் சொன்ன காரணம் தவறு. பிராட்ஃபோர்டின் பழைய நகர மையத்தை இடித்தது நகர நிர்வாகமேதான். போருக்குப் பிறகு கார்களுக்கு அகலச் சாலை வேண்டும், புது அலுவலகக் கட்டடங்கள் வேண்டும் என்று திட்டம் போட்டார்கள். நகரப் பொறியாளர் ஸ்டான்லி வார்ட்லியின் பெயர் இன்றும் அதனோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. விக்டோரியா காலத்துக் கடைத்தொகுதியான ஸ்வான் ஆர்கேட் 1962இல் போனது. கர்க்கேட் சந்தை 1973இல் போனது. இதில் எதையும் முடிவு செய்யும் இடத்தில் வெளியாட்கள் இருக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று பிராட்ஃபோர்டு இருக்கும் யார்க்‌ஷயரின் அடையாளமாகவே கொண்டாடப்படும் பெட்டீஸ் தேநீர்க்கடையைத் தொடங்கியவர் ஒரு சுவிஸ்காரர். ஃபிரிட்ஸ் பூட்ஸர், பெற்றோரை இழந்த பையன். 1907இல் ஆங்கிலம் தெரியாமல், போக வேண்டிய விலாசத்தையும் தொலைத்துவிட்டு வந்து சேர்ந்தது பிராட்ஃபோர்டில்தான். முதல் வேலையும் இங்கேதான், ஒரு சுவிஸ் மிட்டாய்க்காரரிடம். பிறகு ஃபிரெடரிக் பெல்மான்ட் என்று பெயரை மாற்றிக்கொண்டு 1919இல் ஹாரகேட்டில் முதல் கடையைத் திறந்தார். பிராட்ஃபோர்டின் டார்லி தெருவிலும் பெட்டீஸ் இருந்தது. நூலகத்தில் யாராவது நிச்சயம் அங்கே கேக் சாப்பிட்டிருப்பார்கள்.

அந்த மேஜையில் யாரும் பேசியிருக்கமாட்டார்கள் என்று நான் நினைக்கும் கஃபேக்களும் உண்டு. ஐம்பதுகளின் இறுதியில் கம்பளி ஆலைகள் விலை உயர்ந்த புது இயந்திரங்களை வாங்கின. அவை இருபத்துநான்கு மணி நேரமும் ஓடினால்தான் போட்ட பணம் திரும்பும். பெண்களை இரவு வேலைக்கு வைக்கச் சட்டம் விடவில்லை, உள்ளூர் ஆண்கள் வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள். அந்த நைட் ஷிஃப்டுக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் பாகிஸ்தான் வசமுள்ள காஷ்மீரின் மீர்பூர் பகுதிக்காரர்கள். அறுபதுகளில் அங்கே மங்களா அணை கட்டியபோது ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வீடு நிலத்தை இழந்தார்கள்; இன்னும் பலர் கிளம்பி வந்தார்கள்.

மார்லி தெருவில் 1958இல் தொடங்கிய காஷ்மீர் உணவகம் அவர்கள் ஊன்றிக்கொண்ட இடங்களில் ஒன்று. நான் படித்த பல்கலைக்கழகத்துக்குப் பக்கம் என்பதால் அடிக்கடி போவேன். படியிறங்கிப் போனால் கீழ்த்தளத்தில் ஃபார்மைக்கா மேஜைகள். மேஜைமேல் ஒரு ஜக் தண்ணீர், டம்ளர்கள். கரண்டி, முள்கரண்டி கிடையாது. எலும்போடு வேகவைத்த ஆட்டுக்கறி வரும், கூடவே சப்பாத்தி. பிய்த்துக் குழம்பை வழித்துச் சாப்பிட வேண்டியதுதான்.

ஒருமுறை பக்கத்து மேஜைப் பெரியவர் பேச்சுக் கொடுத்தார். கம்பளி சீவும் ஆலையில் பன்னிரண்டு மணி நேர இரவு வேலை பார்த்தவர். விடிந்து வெளியே வரும்போது சட்டையெல்லாம் கம்பளியின் எண்ணெய்ப் பிசுக்கு நாறும் என்றார். அறையில் ஒருவர் எழுந்து வேலைக்குப் போக, இன்னொருவர் அதே கட்டிலில் படுப்பார். சமைக்க இடமில்லை. "இங்கே வந்தால்தான் நான் ஒரு மனுஷன்" என்றார். வெள்ளைத் துணி விரித்த கஃபேக்குப் போனதுண்டா என்று கேட்டேன். "அந்த வாசலில் நான் ஏறினதே இல்லை" என்றார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. நிறத்தைக் காரணம் காட்டி உணவகத்தில் இடம் மறுப்பது 1965இன் இன உறவுச் சட்டம் வரும்வரை பிரிட்டனில் சட்டவிரோதமே இல்லை. காஷ்மீர் உணவகம் அதற்கு ஏழு ஆண்டு முந்தையது. லம் லேனில் ஸ்வீட் சென்டர் என்ற இன்னொரு உணவகம் தொடங்கிய 1964இலும் அந்தச் சட்டம் வந்திருக்கவில்லை.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: நன்றாகத்தான் இருந்தது, உள்ளே போக முடிந்தவர்களுக்கு. அந்தக் கஃபேக்களுக்குப் பணம் கொடுத்ததும் கம்பளி, இரவுச் சாப்பாட்டுக் கடைகளை உண்டாக்கியதும் அதே கம்பளி. எழுபது, எண்பதுகளில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடியபோது நைட் ஷிஃப்டும் முடிந்தது. பிராட்ஃபோர்டு 2011 முதல் 2016 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் பிரிட்டனின் கறித் தலைநகர் பட்டத்தை வாங்கியபோது, அந்தக் கறியை முதலில் சாப்பிட்டவர்களை எத்தனை பேர் நினைத்தார்கள் என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

எண்பதுகளில் பிராட்ஃபோர்டு மரபுப் பதிவுப் பிரிவு நூற்றுக்கணக்கான பேரின் நினைவுகளை ஒலிநாடாவில் பதிந்து வைத்தது. ஆலைத் தொழிலாளர்களும் குடியேறியவர்களும் அதில் பேசியிருக்கிறார்கள். நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், வழி சொல்வார்கள்.

அடுத்த வாரமும் அவசியம் போங்கள். அந்த மனிதரோடு வாதம் வேண்டாம், ஆண்டுகளை மட்டும் சொல்லுங்கள். முடிந்தால் உங்கள் மகள் வீட்டுத் தெருவில் இருக்கும் ஒரு மீர்பூர்ப் பெரியவரையும் கூட்டிப் போங்கள். விடியற்காலையில் என்ன சாப்பிட்டார்கள், என்ன விலை, சம்பள நாள்வரை கடைக்காரர் கடன் கொடுத்தாரா என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். அந்த அம்மாளின் காலின்சன்ஸ் நினைவுகளையும் விடாமல் எழுதுங்கள். இரண்டையும் சேர்த்தே இங்கே வெளியிடுகிறேன்.