14 மாதக் கணக்கு

அன்புள்ள ஐயா,

பெங்களூரில் காசநோய்க் கிருமியின் செல்சுவர் பற்றி ஆராய்ந்து ஆறு மாதங்களுக்கு முன் முனைவர் பட்டம் பெற்றேன். அதற்கிடையில், இரண்டு வருடங்களுக்கு முன் ஜெர்மனி போய் ஒரு லேபில் 14 மாதம் வேலை செய்துவிட்டுத் திரும்பினேன். அந்த லேபுக்கே போஸ்ட்டாக் ஆக, அதாவது பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராகப் போக ஆசை. ஐரோப்பிய ஒன்றியம் தரும் மேரி கியூரி பெல்லோஷிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்று பார்த்தால், ஜெர்மனிக்கு எனக்குத் தகுதி இல்லையாம். திறமையைப் பார்க்காமல் எந்த நாட்டில் எத்தனை நாள் இருந்தாய் என்று கேட்பது என்ன நியாயம்? அம்மா கோவையில் தனியாக இருக்கிறார். நாடு விட்டு நாடு போனால்தான் விஞ்ஞானியா?

வ., கோயம்புத்தூர்

அன்புள்ள வ.,

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம், நியாயம் அப்புறம்.

மேரி ஸ்க்வோடோவ்ஸ்கா கியூரி பெல்லோஷிப்பில் ஐரோப்பாவுக்குள் வேலை செய்யும் பிரிவுக்கு எந்த நாட்டுக்காரரும் விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட்டை யாரும் பொருட்படுத்துவதில்லை. கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி 36 மாதம் எண்ணுவார்கள். போக நினைக்கும் நாட்டில் அந்த 36 மாதத்துக்குள் 12 மாதத்துக்கு மேல் நீங்கள் வசித்திருக்கக் கூடாது, வேலையோ படிப்போ செய்திருக்கக் கூடாது. விடுமுறைக்குப் போய் வந்தது சேராது. உங்கள் 14 மாதமும் இன்று அப்படியே உள்ளே விழுகிறது. முதல் இரண்டு மாதம் கணக்கிலிருந்து நழுவினால் போதும், ஆனால் அதற்கு இன்னும் 14 மாதம் ஆகும். வாசல் ஆண்டுக்கு ஒரு முறைதான் திறக்கும், வழக்கமாக செப்டம்பரில் மூடும். அதையும் சேர்த்தால் காத்திருப்பு இன்னும் நீளலாம்.

இன்னொரு கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஹைடல்பெர்க்கில் இருக்கும் எம்போ என்ற ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் அமைப்பின் பெல்லோஷிப்புக்குப் பட்டம் பெற்ற இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உங்களை முதல் ஆசிரியராகக் கொண்டு ஓர் ஆய்வுக் கட்டுரையாவது வந்திருக்க வேண்டும். 2016 முதல் இந்தியா அதில் இணை உறுப்பு நாடு என்பதால் நம்மவர்களுக்கும் அங்கே வழி உண்டு. உங்களுக்கு மிச்சம் 18 மாதம். ஜெர்மனிக்காக 14 மாதம் காத்திருந்தால் எம்போவுக்கு நாலு மாதம்தான் கையில் இருக்கும். காத்திருக்காதீர்கள்.

மேரி கியூரியில் உங்களுக்கு அடைபட்டிருப்பது ஜெர்மனி மட்டும்தான். நெதர்லாந்து, ஸ்பெயின், பிரான்ஸ் எல்லாம் திறந்தே கிடக்கின்றன. கால்மெட்டும் கெராங்கும் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியின் கிருமியை ஆண்டுக்கணக்கில் வளர்த்து வீரியம் குறைத்தது பிரான்ஸின் லீல் நகரத்துப் பாஸ்டர் நிறுவனத்தில். உங்கள் கையிலும் என் கையிலும் இருக்கும் அந்தத் தழும்பின் ஊர் அது. அங்கே இன்றும் காசநோய் ஆய்வு நடக்கிறது.

இனி நியாயம். எனக்கு இதில் கசப்பும் உண்டு, ஒப்புதலும் உண்டு. என் முதல் ப்ரொபோசலில், தீசிஸில் நாலு வருடம் கட்டிக்கொண்டு அழுத அதே புரதத்தை வேறு ஊரில் போய்த் தொடர்வதாக எழுதினேன். நிராகரித்துவிட்டார்கள். அப்போது கோபம் வந்தது. இப்போது அதே மாதிரி ப்ரொபோசல் என் மேஜைக்கு வந்தால் நானும் அதைத்தான் செய்வேன். உயிரியல் ஆய்வுக்குப் பணம் தரும், ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் ஹியூமன் ஃப்ரான்டியர் சயன்ஸ் புரோகிராம் இதை ஒளிவுமறைவில்லாமல் கேட்கிறது: முனைவர் பட்டத்துக்குச் செய்ததை விட்டுவிட்டு வேறு எதைத் தொடப் போகிறாய்? இயற்பியல், வேதியியல் படித்துவிட்டு உயிரியலுக்கு வருபவர்களுக்குத் தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள். நீங்கள் திரும்பப் போக நினைப்பது 14 மாதம் இருந்த அதே லேப், அநேகமாக அதே செல்சுவர். எந்தக் குழுவாக இருந்தாலும் அந்த இடத்தில் புருவத்தை உயர்த்தும்.

அமெரிக்க விஞ்ஞானி வாட்சனின் கதையை நினைத்துப் பாருங்கள். 1950இல் பெல்லோஷிப் வாங்கி அவர் போனது கோபன்ஹேகனுக்கு, உயிர்வேதியியல் கற்றுக்கொள்ள. அதில் மனம் ஒட்டவில்லை. அடுத்த ஆண்டு நேப்பிள்ஸில் ஒரு கூட்டத்தில் வில்கின்ஸ் காட்டிய டிஎன்ஏ எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார். கேம்பிரிட்ஜுக்கு மாற வேண்டும் என்று அடம் பிடித்தார். பணம் கொடுத்த அமெரிக்கக் குழு சுலபத்தில் இசையவில்லை, பெல்லோஷிப் காலத்திலும் கை வைத்தது. அவர் போய்விட்டார். 1953இல் அவரும் கிரிக்கும் டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவத்தைக் கண்டுபிடித்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விதியை மீறச் சொல்லவில்லை, விசா அதிகாரி என்னைத் திட்டுவார். ஆனால் ப்ரொபோசலில் இல்லாத அந்தப் படம் அவர் கண்ணில் பட்டது ஊர் மாறிப் போனதால்தான்.

அம்மா விஷயம். இங்கேதான் எனக்குக் கசப்பு. எம்போவும் ஹியூமன் ஃப்ரான்டியரும் குழந்தைக்குப் படி தருகின்றன, பேறுகால விடுப்பு தருகின்றன. நல்லது. ஆனால் ஊரில் தனியாக இருக்கும் அம்மாவை நினைத்து எழுதிய விதி எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. வீட்டுக்கு ஒரே பிள்ளை, அதுவும் பெண்பிள்ளை என்றால், தகுதிப் பட்டியலில் எங்கும் அச்சாகாத ஒரு தடை அது.

போக முடியாது என்று முடிவு செய்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் நம் பயோடெக்னாலஜி துறையும் சேர்ந்து தொடங்கிய இந்தியா அலையன்ஸில் இளம் ஆய்வாளர்களுக்கான பெல்லோஷிப் உண்டு. இந்திய லேபிலேயே சொந்தக் கேள்வியோடு உட்காரலாம். போய்விட்டுத் திரும்புவதாக இருந்தால் ராமலிங்கஸ்வாமி பெல்லோஷிப் இருக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: அமெரிக்காவின் ஃபுல்பிரைட் வழியாகப் போனால், முடிந்ததும் இரண்டு வருடம் ஊரில் இருந்தாக வேண்டும். அதுவரை அங்கே எச்1பி விசாவும் கிரீன் கார்டும் கிடையாது. கையெழுத்துப் போட்ட பிறகு இதைத் தெரிந்துகொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். அந்த ஜெர்மன் பேராசிரியருக்கே எழுதி, விதி இப்படி இருக்கிறது, ஜெர்மனிக்கு வெளியே நான் யாரிடம் போகலாம் என்று கேளுங்கள். 14 மாதம் உங்கள் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர். நாலு பெயராவது சொல்வார்.