இசிஜி நார்மல், ஆனாலும் நிம்மதி இல்லை

கேள்வி: எனக்கு 44 வயது. தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மகள் பிளஸ் டூ படிக்கிறாள், இடுப்பு எலும்பு உடைந்து மாமியார் படுக்கையில் இருக்கிறார், கணவருக்கு வெளியூரில் வேலை. சில மாதங்களாக இரவு 3 மணிக்கு விழிப்பு வந்து நெஞ்சு படபடக்கிறது. இசிஜி நார்மல். தியானம் செய்து பார்த்தேன், கண்ணை மூடினாலே கவலைதான் கூடுகிறது. தோழி கொடுத்த, பதற்றத்தைக் குறைக்கும் அல்பிரசோலம் மாத்திரையை நாலைந்து தடவை பாதியாகப் போட்டேன். குறை என்று சொல்ல எதுவும் இல்லை, ஆனாலும் நிம்மதி இல்லை. நான் ஏன் இப்படி இருக்கிறேன் டாக்டர்?

பதில்: குறை என்று சொல்ல எதுவும் இல்லை என்கிறீர்கள். அதற்கு முன்னால் நீங்களே எழுதியிருப்பதை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். அலுவலகம், பரீட்சைக்குப் படிக்கும் மகள், புரட்டிப் படுக்க வைக்க வேண்டிய மாமியார், போனில் மட்டும் இருக்கும் கணவர். இரண்டு பேர் மாறி மாறிப் பார்த்தாலே களைத்துப்போகிற வேலையைத் தனி ஆளாகப் பார்த்துக்கொண்டு, நான் ஏன் இப்படி என்று உங்களையே கேட்கிறீர்கள். உங்கள் மேல் தப்பு ஒன்றும் இல்லை.

சரி, அந்த 3 மணி விஷயத்துக்கு வருகிறேன். தூக்கம் முன்னிரவில் ஆழமாகவும் பின்னிரவில் லேசாகவும் இருக்கும். விடியலுக்கு நம்மைத் தயார்படுத்தும் கார்ட்டிசால் ஹார்மோனும் பின்னிரவில்தான் ஏற ஆரம்பிக்கும். எல்லோருமே இரவில் சில தடவை லேசாக விழித்து மறுபடி தூங்கிவிடுகிறோம், காலையில் ஞாபகம் இருக்காது. பகல் முழுக்க அடுத்து என்ன, அடுத்து என்ன என்று ஓடியவருக்கு அந்தச் சின்ன விழிப்பிலேயே உடம்பு டியூட்டிக்கு எழுந்துவிடுகிறது. மணி பார்க்கிறீர்கள், இன்னும் இரண்டு மணி நேரம்தான் என்று கணக்குப் போடுகிறீர்கள், அதோடு தூக்கம் போச்சு. கடிகாரம் கண்ணில் படாமல் வையுங்கள். காபியில் இருக்கும் கஃபீனில் பாதி வெளியேறவே ஐந்தாறு மணி நேரம் ஆகும், அதனால் மதியத்துக்குப் பிறகு காபி வேண்டாம்.

எல்லாவற்றையும் மனசு மேல் போட்டுவிடவும் கூடாது. மாதவிடாய் நிற்பதற்குச் சில வருடங்கள் முன்பே ஹார்மோன்கள் ஏறி இறங்கத் தொடங்கும். பின்னிரவு விழிப்பு, படபடப்பு, திடீரென்று கழுத்தும் முகமும் சூடாகி வியர்ப்பது, காரணமில்லாத எரிச்சல், இதெல்லாம் அதிலிருந்தும் வரலாம். எத்தனையோ பெண்களுக்கு 'டென்ஷன்' என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள் என்பதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு. தைராய்டு, ஹீமோகுளோபின், பி12, சர்க்கரை பார்த்துவிடுங்கள், ஒரு மகப்பேறு மருத்துவரையும் பாருங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ பழைய இசிஜியை நம்பி வீட்டில் இருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அந்த மாத்திரை இனி வேண்டாம். வேகமாகப் பழகிப்போகும் மருந்து அது. நாலைந்து தடவைதான் என்பதால் உங்களுக்குப் பயமில்லை, ஆனால் மாதக்கணக்கில் தினமும் போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு சட்டென்று நிறுத்தக் கூடாது, மருத்துவர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

தியானம் வரவில்லை என்று கவலைப்படாதீர்கள். கண்ணை மூடி உட்கார்ந்தால் பதற்றம் கூடுவது சிலருக்கு நடப்பதுதான். கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு, நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். மூச்சு வெளியே போகும்போதுதான் இதயத் துடிப்பு தணியும். மொட்டைமாடியில் துணி காயப்போடும் நேரத்தில் செய்தால்கூடப் போதும்.

என்னிடம் வந்த ஒரு அம்மாவுக்கு முதலில் பிபி 150/96 காட்டியது. பட்டையைக் கையில் சுற்றியிருந்த நேரத்துக்குள் மடியில் இருந்த போன் நாலு தடவை அதிர்ந்தது, ஒவ்வொரு தடவையும் அவர் தோள் தூக்கிப்போட்டது. போனை வாங்கி மேஜை டிராயரில் வைத்துவிட்டு, பேசாமல் ஐந்து நிமிடம் உட்காரச் சொன்னேன். அடுத்த தடவை 132/84. மருந்து எதுவும் கொடுக்கவில்லை. நாள் முழுக்க யாரோ கூப்பிடப்போகிறார்கள் என்று காத்திருக்கும் உடம்புக்கு அந்த ஐந்து நிமிடம்கூடப் பெரிய விஷயம். உங்களுக்கு நான் தர ஆசைப்படும் மருந்தும் அதுதான்: தினமும் அரை மணி நேரம், யாரும் கூப்பிட முடியாத நேரம். கோயிலோ, நடையோ, சும்மா படுத்திருப்பதோ, உங்கள் இஷ்டம். மாமியாரை யார் பார்ப்பது என்பீர்கள். வாரத்தில் மூன்று நாள் மகள் பார்க்கலாம், பிளஸ் டூ பிள்ளைக்கும் புத்தகத்தை விட்டு எழுந்திருக்க நேரம் வேண்டுமே. மற்ற நாட்களுக்கு நாத்தனாரையோ பக்கத்து வீட்டுக்காரரையோ வாய்விட்டுக் கேளுங்கள். மாத்திரை கொடுத்த தோழியையே கேட்கலாம், உங்கள் மேல் அக்கறை இருப்பதால்தானே கொடுத்தார்.

ஒன்றைக் கவனியுங்கள். எதிலும் ஆசை இல்லாமல், அழுகை வந்துகொண்டே, பசி கெட்டு, இது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது வெறும் களைப்பு இல்லை, மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. மனநல மருத்துவர் தரும் மனச்சோர்வு மருந்துகள் தூக்க மாத்திரை மாதிரி அடிமையாக்காது, பலன் தெரிய மட்டும் சில வாரங்கள் பிடிக்கும். வாழ வேண்டாம் என்று தோன்றினால் அந்த நிமிடமே 14416-ஐக் கூப்பிடுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி போன் சேவை அது, கட்டணம் கிடையாது, இரவு 3 மணிக்கும் தமிழில் பேசுவார்கள்.

இப்போதைக்கு ரத்தப் பரிசோதனைக்குப் போய்விட்டு, முடிவோடு ஆறு வாரம் கழித்து எழுதுங்கள். அந்த அரை மணி நேரம் எத்தனை நாள் கிடைத்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.